வளைத்துப் பார்க்காத அம்பு

என் கை பூ மாதிரி என்று எங்கள் கம்பெனி போர்மேன் நாலு பேர் முன்னால் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. அம்பு வாங்கப் போன அன்றைக்கும் அந்தத் தலைக்கனத்தோடுதான் போனேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கேட்கிறவர்கள் “ஐயோ பாவம், நேரம் சரியில்லை” என்று என்மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவார்கள். நேரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

நான் பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட் கட்டுகிறவள். பதினோரு வருடமாக அதே வேலை. மருந்து செலுத்தி முடித்த காகிதக் குழல்கள் தட்டில் அடுக்கி எங்கள் ஷெட்டுக்கு வரும். ஒவ்வொரு குழலையும் ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துப் பிடித்து நூலால் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் அதை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காக வைத்துப் பார்ப்போம். குழலுக்குக் கொஞ்சம் கீழே, சரியான இடத்தில் சாயாமல் நின்றால் அது நேராக ஏறும். சாய்ந்தால் எவன் வீட்டு மாடிக்குள்ளாவது நுழையும். புதிதாக வருகிறவர்கள் மூன்று நான்கு தடவை நகர்த்தி நகர்த்தி வைப்பார்கள். எனக்குக் குச்சியைக் கையில் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

எங்கள் வேலையில் செய்யக் கூடாதவை மூன்று. தட்டக் கூடாது, உரசக் கூடாது, வளைக்கக் கூடாது. கட்டிய ராக்கெட்டின் குச்சியை வளைத்தால் குழலுக்குள் இறுகிக் கிடக்கும் மருந்தில் விரிசல் விழும். விரிசல் விழுந்த ராக்கெட் மேலே ஏறாது, கொளுத்துகிறவன் முகத்துக்கு நேரே வெடிக்கும். உரசலில் தீப்பிடித்தால் ஷெட்டுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, எங்களுக்கு இரண்டு ஷெட் தள்ளி அப்படித்தான் நடந்தது. என்ன நடந்தது என்று சொல்ல அந்த ஷெட்டில் யாரும் மிஞ்சவில்லை. காலையில் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அந்த ஷெட்காரி. அவளுடைய செருப்பு மட்டும் வாசலில் ஜோடியாகக் கிடந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வீட்டில் அப்பளத்தை நொறுக்கக்கூட எனக்குக் கை வராது. என் வீட்டுக்காரர் அதை வைத்து என்னைக் கேலி செய்வார். கேலி செய்துவிட்டு அவரே நொறுக்கி என் தட்டில் போடுவார்.

என் நாத்தனாருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவள் ஆமத்தூரில் எங்களோடுதான் இருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவள்மேல் எனக்கு இருந்தது மதினியின் பாசம் மட்டுமில்லை. விருதுநகரில் கல்லூரிக்குப் போனபோது வில்வித்தையில் சேர்ந்தாள். டிவியில் காட்டுகிற, சக்கரமும் கண்ணாடியும் வைத்த வில் இல்லை. மூங்கில் வில், மூங்கில் அம்பு, பழைய முறை. கண்ணால் பார்த்துக் கையால் இழுத்து விட வேண்டியதுதான். மாவட்டத்தில் இரண்டு முறை முதலாவதாக வந்தாள். சான்றிதழை பீரோவுக்குள் என் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் கல்லூரி அம்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வில் மட்டும் அவளுடையது. ஊரில் வேறு வேலை ஏது? எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங் ஹாலில் பெட்டி மடிக்க வந்தாள். சீசன் வரைக்கும்தான் என்று சொல்லித்தான் நான் கூட்டிக்கொண்டு போனேன். பேக்கிங் ஹால் மருந்துக்குத் தள்ளி, வாசல் பக்கம் இருக்கிறது. உள்ளே வரிசையாக இருக்கும் மருந்து ரூம் பக்கம் அவள் காலே வைக்கக் கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன். என் நகக்கண்ணில் ஏறியிருக்கிற, மருந்தில் கலக்கிற சில்வர் பவுடர் பண்டிகை லீவில் பத்து நாள் தேய்த்தாலும் போகாது. அவள் கை அப்படி ஆகக் கூடாது.

மாநில அணிக்கான தேர்வு ஒரு மாதத்தில் வருகிறது என்று கேள்விப்பட்டாள். அதில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு எழுதிப் போடலாம். கிடைக்குமா கிடைக்காதா என்பது பிறகு. எழுதிப் போடவாவது ஒரு காகிதம் கையில் வேண்டுமே. “மதினி, அம்பு மட்டும் இருந்தாப் போதும், நான் பாத்துக்கிருவேன்” என்றாள். எப்போதும் எதையும் கேட்காத பிள்ளை கேட்டது. சரி என்றேன்.

சீசன் நேரம் என்பதால் பேக்கிங் ஹாலில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. அவளால் வர முடியவில்லை. நான்தான் விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஒரு காலத்தில் தானும் வில் பிடித்தவராம். கேரம் போர்டுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் நடுவில் சுவரோரமாக அம்புகளை வைத்திருந்தார். முதலில் நல்லதாகக் காட்டினார். கார்பன் அம்பு, நூல் பிடித்தது போல நேராக, கறுப்பாக, மினுமினுவென்று இருந்தது. அது எங்கள் பிரிவில் செல்லாது, மூங்கில்தான் வேண்டும் என்றேன். எனக்கு அவ்வளவு தெரிந்திருந்தது அவருக்கு ஆச்சரியம். பிறகு புது மூங்கில் அம்பு காட்டினார். ஒரு டஜன் விலையைச் சொன்னதும் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இது ஒரு டீம் கலைஞ்சப்ப வந்த பழைய அம்பும்மா. இருபதுக்கு மேல கெடக்கு. மொத்தமா எடுத்துக்கிட்டா சல்லிசாப் போட்டுத் தாரேன். ஆனா பழசு வாங்கும்போது ஒண்ணு இருக்கு, அதச் சொல்லிருதேன்.”

சொல்லிவிட்டு வாளியிலிருந்து ஒரு அம்பை உருவினார். இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்தார். என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வில்லாக வளைத்தார்.

நான் பின்னால் துள்ளிவிட்டேன். முதுகு கேரம் போர்டு அடுக்கில் இடித்துக் காய்கள் தரையில் உருண்டன. கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். “ஏம்மா, இதுல மருந்தா இருக்கு?” என்றார். அவருக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாது. சும்மா சொன்ன வார்த்தைதான். எனக்குத்தான் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

“பயப்படாதீக. இப்படித்தான் ஒவ்வொண்ணையும் வளைச்சுக் காதுகிட்ட வச்சுக் கேக்கணும். உள்ள விரிசல் இருந்தா டக்குனு சத்தம் குடுக்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். சத்தம் குடுத்தா அத ஒடிச்சு அடுப்புல போட்டுருங்க. நாணுல வச்சு விடும்போது அம்பு வளைஞ்சுதான் போகும். விரிசல் இருந்தா கையிலேயே ஒடிஞ்சுரும். நான் வேணா இங்கனயே எல்லாத்தையும் பாத்துத் தரட்டுமா? பத்து நிமிசம்.”

அந்தப் பத்து நிமிடத்தை அவர் தன் வாயால் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். கீழே உருண்ட காய்களைப் பொறுக்கிக்கொண்டே, சிரித்தவர்கள் காதில் விழும்படிச் சொன்னேன்: “குச்சியப் பத்தி எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். வருசம் முழுக்கக் குச்சியிலதான் கெடக்கோம். நாங்களே பாத்துக்கிடுவோம்.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். மறுபடியும் ஒரு தடவை, “வளைச்சுப் பாக்காம நாணுல வைக்காதீக” என்று சொன்னார். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தரையைத் துடைத்து, அம்புகளைப் பரப்பி உட்கார்ந்தேன். டிவி ஸ்டாண்டின் கண்ணாடித் தட்டை எடுத்துக் கீழே போட்டு ஒவ்வொன்றாக அதன்மேல் உருட்டினேன். நேராக இருப்பது சத்தமில்லாமல் உருளும், கோணல் தத்தித் தத்தி உருளும். அதில் ஏழு கழிந்தது. இறகு பிய்ந்தது இரண்டு. மிச்சத்தை என் வழக்கப்படி விரலில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே இடத்தில் நிற்கிறதா, எது முன்னால் சாய்கிறது, எது பின்னால் சாய்கிறது என்று பிரித்தேன். நன்றாக நின்ற பன்னிரண்டை ஒதுக்கினேன். வேலை செய்கிற கைக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்தது வளைக்க வேண்டும். ஒன்றை எடுத்தேன். இரண்டு பக்கமும் பிடித்தேன். இது வெறும் மூங்கில், மருந்து இல்லை, வாசல் கதவு திறந்திருக்கிறது, வெளியே கோழி மேய்கிறது. எல்லாம் தெரிகிறது. ஆனால் கை மடங்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அந்தச் செருப்பு ஜோடி கண்ணில் வந்து நின்றது. கீழே வைத்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்ப எடுத்தேன். கொஞ்சம் வளைந்தது, ஒரு ஈர்க்குச்சி தன் பாரத்துக்கு வளைகிற அளவுக்கு. அந்த வளைவில் விரிசல் என்ன, எதுவும் பேசாது.

கடைக்காரன் புதுசை விற்கப் பார்க்கிறவன், பயமுறுத்தத்தான் செய்வான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு அழகாக நிற்கிற அம்பில் விரிசல் இருக்குமா என்றும் சொல்லிக்கொண்டேன். மனசுக்குச் சாக்குச் சொல்வதென்றால் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இருக்காது.

பன்னிரண்டில் ஒன்று தனியாகத் தெரிந்தது. கொஞ்சம் கறுத்த மூங்கில், விரலில் வைத்தால் ஆணி அடித்தது போல அசையாமல் நின்றது. ராக்கெட் கட்டுகிற சிவப்பு நூல் முந்தானையில் முடிந்து கிடந்தது. அதை எடுத்து இறகுக்குக் கீழே நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினேன், அடையாளத்துக்கு. அவள் சாயங்காலம் வந்ததும் அதைத்தான் முதலில் காட்டினேன்.

“இதுதான் ராசா மாதிரி நிக்கி. முக்கியமான அடிக்கு இத எடு.”

அவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். முகமெல்லாம் பல். பிறகு கேட்டாள்: “வளைச்சுப் பாத்தீகளா மதினி? காலேசுல கோச் அதத்தான் மொதல்ல பாக்கச் சொல்லுவாக.”

“பாத்துட்டேன்” என்றேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையுந்தான். ஏ புள்ள, என்னய நம்பலையா நீ?”

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, “ஒங்கள நம்பாம யார நம்பப் போறேன்” என்று அம்புகளைச் சேர்த்துக் கட்டினாள்.

ஊருக்கு வெளியே தண்ணீர் இல்லாத கண்மாயில்தான் பயிற்சி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு லேபிள் பிரஸ்ஸிலிருந்து என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிவிட்டு வரும்போது கட்டிங் பேப்பர் வாங்கி வந்தார். அச்சடித்த தாளின் ஓரத்தை வெட்டி எறிகிற துண்டுகள். அதை மூன்று சாக்கில் திணித்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி, சீமைக் கருவேல மரத்தில் சாய்த்து வைத்தோம். அம்பு பாய்ந்ததும் சாக்கிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக வெடிப் பெட்டிப் படத்தின் கிழிசல் எட்டிப் பார்க்கும். வேலை முடிந்து வந்ததும் இருட்டுவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். நான் கூடப் போய் அம்பு பொறுக்கிக் கொடுப்பேன். நாலைந்து நாளில் பன்னிரண்டில் ஒன்பது பத்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் விழுந்தன. அவள் நாணை இழுத்துத் தாடையில் நிறுத்தி மூச்சைப் பிடிக்கும்போது நானும் மூச்சைப் பிடிப்பேன். இந்தப் பிள்ளை தப்பித்துவிடும் என்று நினைப்பேன். அந்த நாட்களில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. அன்றைக்கு மூன்று சுற்று விட்டுவிட்டாள். நாலாவது சுற்றின் கடைசி அம்பு. “இதுதான் போட்டில கடைசி அம்புன்னு நெனச்சு விடப் போறேன் மதினி” என்று சிவப்பு நூல் கட்டியதை எடுத்தாள். நாணில் வைத்தாள். இழுத்தாள். விட்டாள்.

படக்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது போலத்தான். ஆனால் எனக்கு அது போதும். நான் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு மண்ணில் குப்புற விழுந்துவிட்டேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது அதுதான். சத்தம் கேட்டால் யாரையும் பார்க்காதே, விழு. அப்படியே கிடந்து அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுத்த சத்தம் வரவில்லை. “மதினி… மதினி…” என்று மெதுவாகக் கூப்பிடும் குரல்தான் வந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தால் அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வில் காலடியில் கிடந்தது. இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பின் பின்துண்டு மணிக்கட்டுப் பக்கம் நுழைந்து கட்டைவிரலின் அடிச்சதையில் வெளியே வந்திருந்தது. சிவப்பு நூல் அப்படியே இருந்தது. நூலுக்கு அரை விரல் கீழேதான் மூங்கில் பிளந்திருந்தது. அவள் அழவில்லை. நான் விழுந்து கிடந்த நேரமெல்லாம் அவள் அப்படியே தனியாக நின்றிருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காது.

பைக்கில் வந்த ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் சீருடையையும் சில்வர் ஏறிய என் கையையும் பார்த்தவுடனே, “எந்தக் கம்பெனி? எத்தன பேரு?” என்று கேட்டார்கள். இன்னும் ஆட்கள் வருவார்கள் என்று கட்டில்களை ஒதுக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். “கம்பெனி இல்ல, அம்பு” என்றேன். “என்னது?” என்றார்கள். “வில்லு அம்பு.” எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கத்துக் கையைப் பட்டாசைத் தவிர இது வரைக்கும் வேறு எதுவும் ஒடித்ததில்லை போலிருக்கிறது.

டாக்டர் மூங்கில் சிராய்களை எடுத்துத் தையல் போட்டார். கட்டைவிரலை மடக்குகிற நரம்பு அறுந்துவிட்டது, சேர்த்துப் பார்க்கிறோம், பழையபடி பிடிமானம் வருவது கஷ்டம் என்றார். நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். வில்லைப் பிடிக்கிற கை இடது கை.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். தங்கச்சியின் கட்டைப் பார்த்தார், பைக்காரர் கண்மாயில் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போன அம்புத் துண்டைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பழைய விரிசலு. உள்ளுக்குள்ள கறுத்துப் போயிருக்கு. இத யாரு பாத்து எடுத்தது?”

கட்டிலில் இருந்து அவள் சொன்னாள்: “நாந்தாண்ணே. மதினி வாங்கிட்டு மட்டுந்தான் வந்தாக. நாந்தான் சரியாப் பாக்கல.”

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும். அடுத்த நாளாவது, அடுத்த வாரமாவது திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் அது இன்னும் கனமாகிக்கொண்டே போனது.

தேர்வு அன்றைக்கு அவள் வீட்டில் படுத்திருந்தாள். நான் மிச்சம் பதினோரு அம்பையும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். கருவேல மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து, காதோரம் வைத்து வளைத்தேன். அன்றைக்குக் கை தானாக மடங்கியது. மூன்றாவது அம்பு டக்கென்றது. ஏழாவது டக்கென்றது. கடைசி அம்பும் டக்கென்றது. காதுக்குள் யாரோ நகத்தைச் சொடுக்கியது போலத் தெளிவாகக் கேட்டது. மொத்தமாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைக்காரர் சொன்ன நேரம் சரிதான்.

அதற்குப் பிறகு என் கைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. விளக்குமாற்றில் ஈர்க்கை உருவி வளைப்பேன். காய்கறிக் கடையில் முருங்கைக்காயை எடுத்துக் காதருகில் வைத்து வளைத்துவிட்டு, கடைக்காரி முறைத்த பிறகுதான் உணர்வேன். பேனா, அகப்பைக் காம்பு, எதுவும் மிச்சமில்லை. வீட்டில் அப்பளத்தை நானே நொறுக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் கேலி செய்யவில்லை.

ஒரு நாள் பதினொரு மணி இருக்கும், ஷெட்டில் வேலையாக இருந்தேன். எங்களில் நாலு பேர். குழலை வைத்தேன், நூலைச் சுற்றினேன், முடிந்தேன். விரலில் வைக்க வேண்டியதை வைக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக் காதுக்குக் கொண்டுபோய் வளைத்தேன். மருந்து நிரம்பிய ராக்கெட்டை.

யாரும் கத்தவில்லை. கத்தக்கூடப் பயம். எதிரே இருந்தவள் கையில் நூல் அப்படியே நின்றது. இன்னொருத்தி மூச்சை இழுத்தது கேட்டது. வாசலில் நின்ற போர்மேன்தான் மிக மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போல, “அத அப்படியே கீழ வையி. வச்சிட்டு எந்திரிச்சு வெளிய வா தாயி” என்றார். வைத்தேன். வந்தேன். வெளியே வந்த பிறகுதான் அவர் குரலை உயர்த்தினார். “நாலு பேரச் சாகடிக்கப் பாத்தியே! என்ன ஆச்சு ஒனக்கு?” என்றார். பூ மாதிரி என்று சொன்ன அதே ஆள். அவர் சொன்னது நிஜம்.

அதோடு என்னை மருந்துப் பக்கம் விட முடியாது என்று ஆகிவிட்டது. அதே வாரம் என் நாத்தனார் கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். பெட்டி மடிக்கக் கட்டைவிரல்தான் முக்கியம், ஓரத்தை அழுத்தி மடிப்பு விட வேண்டும். மற்றவர்கள் நூறு மடிக்கும்போது அவள் முப்பது மடித்தாள். போர்மேன் இரண்டு பிரச்சினைக்கும் சேர்த்து ஒரே வழி கண்டுபிடித்தார். நான் பேக்கிங் ஹாலில் அவள் இடத்துக்குப் போக வேண்டியது. அவள் மருந்து சலிக்கிற ரூமுக்குப் போக வேண்டியது. “அங்கன கட்டவெரல் வேண்டாம். உள்ளங்கையால சல்லடைய அசைச்சாப் போதும்” என்றார்.

எங்கள் கம்பெனியிலேயே யாரும் விரும்பிப் போகாத ரூம் அது. வீட்டில் நான் குதித்தேன், என் வீட்டுக்காரர் கத்தினார். அவள் ஒரே பதில்தான் சொன்னாள். “ஒத்தக் கைய வச்சுக்கிட்டு வீட்டுல சும்மா ஒக்காந்து திங்க மாட்டேன்.” அவள் அண்ணனுக்கும் பிடிவாதம் உண்டு, ஆனால் அவளிடம் அது செல்லாது.

முதல் நாள் காலை வேனிலிருந்து இறங்கி உள்ளே நடந்தோம். சலிக்கிற ரூம் வாசலில் அவள் வளையலைக் கழற்ற வேண்டும். இடது கையால் முடியவில்லை. நான்தான் கழற்றி வாங்கி என் பையில் போட்டேன். அவள் செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தாள். அதைப் பார்த்ததும் என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“நான் வளைச்சுப் பாக்கல” என்றேன். “ஒண்ணக்கூடப் பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன்.”

அவள் தலையைக் குனிந்தபடியே, வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டில் கையை வைத்தாள். உள்ளே நுழையும் முன் உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காக எல்லோரும் அதைத் தொட வேண்டும்.

“தெரியும் மதினி.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே. அப்பளத்த நொறுக்க மாட்டாதவுக அம்ப வளைச்சிருப்பீகளா?”

“பெறகு ஏன்டி நீ பாக்கல? ஒனக்குத்தான் தெரியுமே, நீ பாத்திருக்கலாமே!”

அவள் தகட்டிலிருந்து கையை எடுத்தாள். “நான் வளைச்சுப் பாத்து ஒண்ணு டக்குன்னுச்சுன்னா, நீங்க பொய் சொன்னது தெரிஞ்சுபோகும்லா. ஒங்க மொகத்த நான் எப்படிப் பாக்கது? அதான் பாக்கல.” சொல்லிவிட்டு, “நேரமாச்சு, போங்க மதினி” என்று உள்ளே போய் ரப்பர் பாயில் உட்கார்ந்தாள்.

நான் இப்போது பேக்கிங் ஹாலில் அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பெட்டி மடிக்கிறேன். பாதுகாப்பான இடம், அவளுக்காக நான் பார்த்து வைத்த இடம். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது கேட்டால் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது, எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். என் காதுக்கு ஒன்றும் இல்லை. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வேன் வரும்வரை அது சலிக்கிற ரூம் பக்கமே இருக்கிறது, ஒரு சத்தம் வந்துவிடக் கூடாதே என்று.